ரூட் கெனால் செய்த பல் மறுபடி வலிப்பது ஏன்? கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கத்தில் சின்னதாக ஒரு பல் கிளினிக் வைத்திருக்கிறேன். ரப்பர் வெட்டுகிறவர்கள், தூத்தூர் பக்கத்துக் கடல் தொழிலாளிகள், லீவில் ஊருக்கு வந்த வளைகுடாக்காரர்கள், டீச்சர்கள் என்று எல்லாரும் வருவார்கள். அதில் வாரத்துக்கு நாலைந்து பேராவது "ஏற்கெனவே ரூட் கெனால் செஞ்ச பல்லு சாரே, மறுபடி வலிக்குது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேள்விகளும் கிட்டத்தட்ட ஒன்றேதான். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர் முழுசாகக் கேட்க முடியாது, வெளியே ஆறு பேர் காத்திருக்கும்போது நானும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பாக்கியை இங்கே தீர்க்கிறேன்.

நரம்பையே எடுத்தாச்சே, அப்புறம் எப்படி வலிக்கும்?

எடுத்தது பல்லுக்குள்ளே இருந்த நரம்பை. பல்லைச் சுற்றி, வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, அதில் நரம்புகள் ஏராளம். சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டால் அந்த நொடியே தெரிகிறதே, அது இந்தச் சவ்வின் வேலை. வேருக்குள் கிருமி மிச்சம் இருந்தால் அதன் கழிவு வேர் நுனி வழியாக வெளியே கசிந்து இந்தச் சவ்வையும் பக்கத்து எலும்பையும் புண்ணாக்கும். அதனால்தான் ரூட் கெனால் செய்த பல் சூடான டீக்குக் கூசாது, ஆனால் கடித்தால் வலிக்கும், விரலால் தட்டினால் வலிக்கும்.

குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கூசுகிறது என்றால் இரண்டில் ஒன்று. பக்கத்துப் பல்லில் பிரச்சினை, அல்லது சிகிச்சை செய்த பல்லிலேயே ஒரு குழாய் விட்டுப்போய் அதில் நரம்பு உயிரோடு இருக்கிறது.

இந்த சிகிச்சையை "நரம்பு எடுக்கிறது" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. பல்லுக்குள்ளிருந்து கிருமியைக் கழுவி வெளியேற்றி, அது திரும்ப வராதபடி அடைப்பதுதான் அசல் வேலை. 1965-இல் ககெஹாஷி என்பவரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்து, உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் கூழை வெளியே தெரிய வைத்து அப்படியே திறந்து விட்டுவிட்டார்கள். தீனி போய் அடைந்தும் அந்தப் பற்கள் ஆறத் தொடங்கின. சாதாரண எலிகளுக்கு அதே துளையைப் போட்டபோது கூழ் அழுகி வேர் நுனியில் சீழ் கட்டியது. துளை ஒன்றுதான், வித்தியாசம் கிருமி.

சரி, உள்ளே என்னதான் செய்கிறீர்கள்?

பல்லின் மேலே துளை போட்டு, வேருக்குள் போகும் குழாய்களைக் கண்டுபிடித்து, ஃபைல் என்கிற மெல்லிய கம்பிகளால் சுரண்டி அகலப்படுத்தி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுகிறோம். வீட்டில் துணி வெளுக்கிற பிளீச்சும் அதே ரசாயனம்தான், இது பல்லுக்கென்று தயாரித்த அளவில் வருகிறது. சுரண்டுவதைவிடக் கழுவுவதுதான் அதிகக் கிருமியைக் கொல்கிறது, கம்பி தொடாத சுவர்ப்பகுதி எப்போதுமே மிச்சம் இருக்கும். பிறகு காயவைத்து, கட்டா-பெர்ச்சா என்கிற இளஞ்சிவப்புக் குச்சிகளைப் பசையோடு சேர்த்து அடைக்கிறோம்.

இந்தக் கட்டா-பெர்ச்சா மலாய் தேசத்துப் பக்கத்து மரம் ஒன்றின் பால். வேதியியலில் நம்ம ஊர் ரப்பருக்கு உடன்பிறப்பு, இரண்டுமே பாலிஐசோப்ரீன், சங்கிலிக் கண்ணிகள் திரும்பியிருக்கும் பக்கம் மட்டும் வேறு. அதனால் ரப்பர் மாதிரி இழுபடாது, சூட்டில் இளகி ஆறினால் இறுகும். அருமனையில் ரப்பர் வெட்டுகிற ஒரு அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ என் பல்லுக்குள்ளயும் பால் மரமா சாரே, இனி சிரட்டை கட்டிரலாம்" என்றார்.

எத்தனை பேருக்குத் தோற்கிறது?

ஒழுங்காகச் செய்த முதல் தடவை சிகிச்சை பொதுவாக நூற்றில் 85 முதல் 95 வரை ஜெயிக்கும். 'ஜெயித்தது' என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். எக்ஸ்ரேயில் வேர் நுனி எலும்பு அரித்த இடம் கறுப்பு நிழலாகத் தெரியும், அது முழுசாக மறைந்தால்தான் வெற்றி என்று கறாராக அளந்தால் குறையும், பல் வலியில்லாமல் வாயில் இருந்தால் போதும் என்றால் கூடும். அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வு 14 லட்சத்துக்கும் அதிகமான பற்களின் காப்பீட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தது. எட்டு வருஷம் கழித்தும் 97 சதவீதம் பற்கள் வாயிலேயே இருந்தன. அதே ஆய்வில், பிடுங்கப்பட்ட பற்களில் 85 சதவீதத்துக்கு முழு கேப், அதாவது பல்லின் தலையை மூடும் உறை, போடப்பட்டிருக்கவில்லை. இந்த இரண்டாவது எண்ணுக்குக் கீழே திரும்ப வருகிறேன்.

ஒரு குழாய் விட்டுப்போச்சு என்கிறார்களே, அது எப்படி விட்டுப்போகும்? டாக்டருக்குத் தெரியாதா?

விட்டுப்போகும். எனக்கும் விட்டுப்போயிருக்கிறது.

பல் வேர் என்றதும் பி.வி.சி. பைப் மாதிரி நேரான ஒரு ஓட்டை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நம்ம பக்கத்து ஓடைகள் மாதிரி. பிரியும், சேரும், நடுவில் கிளை விடும், முடிவில் நாலாகச் சிதறும். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் சுவிட்சர்லாந்தில் வால்டர் ஹெஸ் என்பவர், பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி இறுக வைத்து, பிறகு பல்லைக் கரைத்துவிட்டு உள்ளே இருந்த ரப்பர் அச்சை மட்டும் எடுத்துப் பார்த்தார். அந்தப் படங்களைப் பார்த்தால் வேரைக் குடைவது எவ்வளவு திமிரான காரியம் என்று எங்களுக்கே தோன்றும். மீன் வலை மாதிரி பின்னிக் கிடக்கும்.

அதிகம் ஏமாற்றுவது மேல் தாடையில் முதல் கடைவாய்ப் பல். மூன்று வேர், ஆனால் கன்னத்தை ஒட்டி முன்பக்கம் இருக்கும் வேருக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு குழாய் இருக்கிறது. அந்த இரண்டாவதன் வாய் தலைமயிர் நுழைகிற அளவுதான், அதையும் ஒரு சின்ன திண்டு மறைத்துக்கொண்டிருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்று என்று நினைத்தால் நாலு இருக்கும். கீழ் முன்பல் அவ்வளவு சின்னது, அதிலும் சிலருக்கு இரண்டு. கீழே இரண்டாவது கடைவாய்ப் பல்லில் சிலருக்குக் குழாய்கள் தனித்தனியாக இல்லாமல் பிறை வடிவத்தில் ஒரே பிளவாக ஓடும், அதை முழுசாகக் கழுவுவது பெரும்பாடு.

போன மழைக்காலத்தில் ஒரு டீச்சர் வந்தார். மேல் கடைவாய்ப் பல், வேறொரு இடத்தில் சிகிச்சை முடிந்து மூன்று வருஷம், கேப்பும் நன்றாகவே இருந்தது. கடித்தால் மட்டும் மந்தமான வலி. கேப்பை வெட்டி, பழைய அடைப்பை எடுத்தபோது மூன்று குழாயும் பிசிறில்லாமல் அடைக்கப்பட்டிருந்தன, செய்தவர் கை நல்ல கை. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குழாய்கள் தொடங்குகிற தரைப்பகுதியைப் பார்த்தேன். மங்கிய மஞ்சள் தரை, அதில் ஒரு குழாயின் வாயிலிருந்து அண்ணம் பக்கமாக ஒரு கோடு மட்டும் கொஞ்சம் கருத்து ஓடியது. அதிர்வு முனையால் அந்தக் கோட்டின் மேல் இருந்த திண்டை மணல் மணலாகத் தேய்த்தேன், இருபது நிமிஷம். நுனி 0.08 மில்லிமீட்டர் இருக்கும் எட்டாம் நம்பர் ஃபைலை வைத்து அழுத்தியபோது அது அப்படியே குத்தி நின்றது. வெளியே எடுத்தால் நுனியில் கறுப்பாக ஏதோ, கூடவே கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி ஒரு வாடை. மூன்று வருஷமாக அங்கே குடித்தனம் நடந்திருக்கிறது. டீச்சர் முகமூடி போடவில்லையே, அவருக்கும் வாடை வந்துவிட்டது. "இதுவா என் வாயில இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

வலி நின்றுபோச்சே, கேப் கட்டாயமா?

கடைவாய்ப் பல்லுக்கு ஏறக்குறைய எப்போதுமே ஆமாம். முன்பல் பெரிதாக உடையாமல் இருந்தால் நல்ல அடைப்பு போதும்.

மேலே சொன்ன 85 சதவீதக் கணக்கு இங்கேதான் வருகிறது. நம்ம மாவட்டத்தில் ரூட் கெனால் தோற்பதற்கு நான் பார்க்கிற முதல் காரணம் கேப் போடாமல் விடுவதுதான். சிகிச்சை இரண்டு பாதி. கீழ்ப்பாதி வேரைச் சுத்தம் செய்து அடைப்பது, மேல்பாதி பல்லின் தலையை மூடுவது. கீழ்ப்பாதி முடிந்ததும் வலி போய்விடுகிறது, வலி போனதும் ஆளும் போய்விடுகிறார். உள்ளே இருப்பது தற்காலிக அடைப்பு. சிமெண்ட் பூசாத செங்கல் சுவர் மாதிரி, ஓரிரு வாரம், நன்றாகப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அப்புறம் ஓரத்தில் எச்சில் கசியும், எச்சிலோடு கிருமி போகும். கட்டா-பெர்ச்சா தண்ணீர் புகாத மூடி என்று யாரும் நினைக்க வேண்டாம், மேலே திறந்து கிடந்தால் அது தாக்குப்பிடிக்காது.

1995-இல் ரே, டிரோப் என்ற இருவர் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தார்கள். வேர் அடைப்பும் மேல் அடைப்பும் இரண்டும் நன்றாக இருந்தவற்றில் 91 சதவீதத்துக்கு வேர் நுனியில் நோய் இல்லை. வேர் அடைப்பு நன்றாக, மேல் அடைப்பு மோசமாக இருந்தவற்றில் அது 44 சதவீதமாக விழுந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இரண்டு பாதிக்கும் ஏறக்குறைய சம எடை கொடுக்கின்றன. எப்படி இருந்தாலும், ஒரு பாதியோடு நிறுத்தினால் பணமும் பாதி வீண்.

இதில் இரண்டு வகை ஆட்கள் எனக்கு மனப்பாடம். ஒருவர் முப்பது நாள் லீவில் வந்த சவூதிக்காரர். கல்யாணம், வீடு பால்காய்ப்பு, மாமியார் வீட்டு விருந்து எல்லாம் முடிந்து கடைசி வாரத்தில்தான் பல் ஞாபகம் வரும். "கேப் அடுத்த லீவுக்குப் பார்த்துக்கலாம் சாரே." அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. இன்னொருவர் தூத்தூர், சின்னத்துறை பக்கத்து விசைப்படகுக்காரர். ஒரு தடவை தங்கலுக்குப் போனால் ஒரு மாசம், அதற்கு மேலும் ஆகும். நடுக்கடலில் தற்காலிக அடைப்பு பெயர்ந்து விழுந்தால் யாரிடம் போவார்? கிராம்புத் தைலமும் வலி மாத்திரையும்தான். ஒருவர் அடைப்பு போன ஓட்டையில் மெழுகுவர்த்தியை உருட்டி அடைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். சும்மா திறந்து விட்டதற்கு அது எவ்வளவோ மேல் என்று அவரிடம் சொன்னேன்.

விமானத்தில் ஏறியதும் அரைகுறையாய் விட்ட பல் வெடிக்கிற மாதிரி வலித்தது, ஏன்?

மேலே காற்றழுத்தம் குறையும்போது பல்லுக்குள் அடைபட்ட வாயு விரியப் பார்க்கும். போக வழியில்லை என்றால் வலி.

வாயில் நீல ரப்பர் விரிப்பு மாட்டுகிறார்களே, மூச்சு முட்டுகிறது. அது அவசியமா?

அவசியம். அதன் பெயர் ரப்பர் டேம். 1864-இல் நியூயார்க்கில் பார்னம் என்ற பல் மருத்துவர் கொண்டுவந்தது, இன்றைக்கும் அதைவிட நல்ல ஒன்று வரவில்லை. கிருமியை வெளியேற்றுகிற வேலையை எச்சிலில் நனைத்துக்கொண்டே செய்தால் எப்படி? கரைசல் தொண்டைக்குப் போகாது, ஃபைல் கை நழுவினாலும் வயிற்றுக்குள் போகாது. இதைப் போடாமல் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், காரணமாக நேரம் என்பார்கள், நோயாளிக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். இவ்வளவு ரப்பர் விளைகிற மாவட்டத்தில் ஒரு துண்டு ரப்பருக்குப் பஞ்சமா என்று எனக்குத் தோன்றும். மூக்கால் மூச்சு விடலாம், ஐந்து நிமிஷத்தில் பழகிவிடும். மூக்கடைப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு பொருளில் செய்த விரிப்பு உண்டு, அதையும் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

ஃபைல் உள்ளே உடைந்துவிட்டதாம். பல் அவ்வளவுதானா?

அப்படி இல்லை. ஒரு நாள் சாயங்காலம் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேரில் ஃபைலைச் சுற்றிக்கொண்டிருந்தேன், 'டிக்' என்று மெல்லச் சத்தம், வெளியே எடுத்தால் மூன்று மில்லிமீட்டர் நுனியைக் காணோம். நெஞ்சு ஒரு நொடி நின்றது. நிக்கல்-டைட்டானியம் கம்பிகள் வளைந்து போவதில் கெட்டி, ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் ஒடியும், வளைந்த வேரில் பலமுறை உபயோகித்ததாக இருந்தால் இன்னும் சீக்கிரம். எக்ஸ்ரே எடுத்து அவரிடமே காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏர்போர்ட்டில் மெஷின் கத்துமா சாரே?" என்று கேட்டார். கத்தாது.

துண்டு தானாக நோய் உண்டாக்காது. அது வழியை மறிப்பதால் அதற்குக் கீழே கழுவ முடியாமல் போவதுதான் பிரச்சினை. குழாயைப் பெரும்பாலும் சுத்தம் செய்த பிறகு ஒடிந்ததா, கிருமி நிறைந்திருக்கும்போதே ஒடிந்ததா என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. சில சமயம் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டு போகலாம், சில சமயம் எடுக்கலாம், சில சமயம் அப்படியே விட்டு வருஷத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயில் பார்க்கலாம். அவர் பல் இப்போதும் இருக்கிறது. உடைந்ததை நோயாளியிடம் சொல்லாமல் மறைத்தால்தான் குற்றம்.

மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் சரியாகிறதே?

வீக்கம் வடியும். வேர் சரியாகாது. மாத்திரை ரத்தம் வழியாகத்தான் போகும், செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கும், மாத்திரை வெளியே சுற்றிவிட்டுப் போய்விடும். முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்க முடியாமல், விழுங்கக் கஷ்டமாக இருந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அப்போது ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். ஒவ்வொரு வலிக்கும் ஐந்து மாத்திரை வாங்கி மூன்றோடு நிறுத்துவது யாருக்கும் நல்லதில்லை.

எனக்கு வலியே இல்லை. எக்ஸ்ரேயில் கறுப்பாக இருக்கிறது என்கிறார். பணம் பிடுங்கப் பார்க்கிறாரா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தோற்ற ரூட் கெனால்களில் நிறைய சத்தமே இல்லாமல் இருக்கும். ஆனால் ஒரு கறுப்பு நிழலை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எலும்பு நிதானமாகத்தான் ஆறும், நிழல் மறைய ஆறு மாசம், ஒரு வருஷம், சிலருக்கு நாலு வருஷம்கூட ஆகும். சிகிச்சை முடிந்த அன்று எடுத்த படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிழல் சுருங்குகிறதா, பொறுமையாக இருங்கள். வளர்கிறதா, அல்லது முன்பு இல்லாதது புதிதாக வந்திருக்கிறதா, செய்ய வேண்டியதுதான். அதனால் படத்தைக் கேட்டு வாங்குங்கள், போனில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பல், உங்கள் படம்.

ஈறில் சின்ன பரு வருகிறது, உடைகிறது, மறுபடி வருகிறது.

உள்ளே இருக்கும் சீழ் வெளியே வரத் தோண்டிக்கொண்ட வழி அது. வழி திறந்திருப்பதால் வலி இருக்காது, அதனாலேயே வருஷக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஊசியால் குத்தவும் வேண்டாம், உப்பு வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். அந்த ஓட்டைக்குள் ஒரு கட்டா-பெர்ச்சா குச்சியை மெல்ல விட்டு எக்ஸ்ரே எடுத்தால் அது நேராகக் குற்றவாளிப் பல்லின் நுனியில் போய் நிற்கும். இந்த வேலையை ரசித்துச் செய்வேன், துப்பறிகிற மாதிரி.

இதோடு சேர்த்து ஒன்று. ஒரு பக்க மூக்கில் மட்டும் சீழ் நாற்றத்தோடு சளி, அந்தப் பக்கக் கன்னத்தில் கனம் என்று 'சைனஸ்' மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறவர்கள் மேல் கடைவாய்ப் பல்லையும் ஒருமுறை காட்டுங்கள். அந்த வேர்கள் சைனஸ் அறையின் தரையை ஒட்டியே இருக்கின்றன.

எல்லாம் சரியாகச் செய்தும் பல் பிளந்துவிட்டது என்றார்கள். அது எப்படி?

இதுதான் கெட்ட செய்தி. ரூட் கெனால் ஆகும் பல் ஏற்கெனவே சொத்தையில் பாதி போனது, மேலே துளையும் போட்டாச்சு, மிச்சம் இருக்கும் சுவர்கள் மெலிந்தவை. கேப் இல்லாமல் நேந்திரங்காய் சிப்ஸ், நல்லா வெந்து இறுகிய முந்திரிக்கொத்து, நண்டுக்கால், கொட்டைப்பாக்கு என்று கடித்தால் என்றைக்காவது ஒருநாள் வேர் நெடுக விறகு பிளந்த மாதிரி விரிசல் விடும். ஈறைச் சுற்றி அளந்துகொண்டே வந்தால் எல்லா இடத்திலும் அளவுகோல் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நிற்கும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் சடாரென்று பத்து மில்லிமீட்டர் இறங்கும். அந்த இறக்கம் கையில் தெரியும்போதே எனக்கு முகம் மாறிவிடும், நோயாளிகள் அதைக் கவனித்துவிடுகிறார்கள். நெடுக்காகப் பிளந்த வேரை ஒட்டவைக்க நம்பகமான வழி இல்லை. ஒற்றை வேர்ப் பல் என்றால் பிடுங்குவதுதான். பல வேர் உள்ள பல்லில் சில சமயம் பிளந்த வேரை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம்.

எனக்கு சுகர் இருக்கிறது. செய்யலாமா?

செய்யலாம். சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு வேர் நுனி எலும்பு ஆறுவது மந்தமாகும், தோற்கும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். காலையில் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் வந்து நாற்காலியில் மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

ஒரே நாளில் முடித்தால் தோற்குமா?

ஒரே தடவையா, இரண்டு மூன்று தடவையா என்பதால் பெரிய வித்தியாசம் வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சீழ் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் மட்டும் நான் அன்றைக்கு அடைக்க மாட்டேன்.

ரூட் கெனால் பல் உடம்பெல்லாம் நோய் பரப்பும், கேன்சர் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

அந்த வதந்திக்கு வயசு நூறு. 1920-களில் அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்பவர் அப்படிச் சொன்னார், அந்தக் காலத்தில் நல்ல பற்களைக்கூட ஆயிரக்கணக்கில் பிடுங்கித் தள்ளினார்கள். அவர் செய்த சோதனைகள் சரியான கட்டுப்பாட்டோடு மறுபடி செய்தபோது நிற்கவில்லை. ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.

தோற்றுப்போன பல்லுக்கு இனி என்ன வழி?

முதல் வழி மறுபடி அதே சிகிச்சை. பழைய அடைப்பை எடுத்து, விட்டுப்போனதைத் தேடி, மறுபடி கழுவி அடைப்பது. முதல் தடவையைவிடச் சிரமம், வெற்றி வாய்ப்பும் கொஞ்சம் குறைவு. ஒரு காரணம் உள்ளே மிஞ்சியிருக்கும் கிருமியின் சாதி. என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்று ஒன்று, சாதாரணமாக நம் குடலில் இருப்பது, தோற்ற வேர்களில் அடிக்கடி அகப்படுகிறது. பட்டினி கிடக்கும், நாங்கள் உள்ளே வைக்கும் சுண்ணாம்பு மருந்தையும் தாங்கும். கேப் போட்டு, உள்ளே கம்பி வேறு இறக்கியிருந்தால் அதை எடுப்பதே தனி வேலை.

மேலிருந்து போக முடியாதபோது ஈறைத் திறந்து, வேர் நுனியில் சுமார் மூன்று மில்லிமீட்டரை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தை எம்.டி.ஏ. என்கிற சிமெண்டால் அடைப்பார்கள். மூன்று ஏன் என்றால் குழாய்கள் சிதறும் இடம் பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்றில்தான். அந்த எம்.டி.ஏ. 1990-களில் வந்தது, வீடு கட்டுகிற போர்ட்லேண்ட் சிமெண்டின் நெருங்கிய சொந்தம், ஈரத்திலேயே இறுகும். இதைக் கேட்ட ஒரு கொத்தனார் அண்ணன், "அப்போ கலவையை நானே போட்டுத் தாறேன், கூலியைக் குறைச்சுக்கங்க" என்றார்.

மூன்றாவது வழி பிடுங்கிவிட்டு இம்பிளாண்ட்டோ பிரிட்ஜோ போடுவது. பல்லைக் காப்பாற்ற முடிகிற வரை இதற்கு அவசரப்பட மாட்டேன், ஆனால் மூன்றாம் தடவை, நாலாம் தடவை என்று ஒரே பல்லில் காசைக் கொட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. இந்த வேலைக்கென்றே மேல்படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள், நுண்ணோக்கியும் முப்பரிமாண ஸ்கேனும் வைத்துப் பார்ப்பார்கள். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எனக்கு முடியாததை நான் அங்கே அனுப்பத் தயங்குவதில்லை.

முதலில் செய்த டாக்டர் மேல் தப்பா?

இந்தக் கேள்வியைத்தான் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சில சமயம் தப்புதான். வேரின் பாதி தூரம்கூட அடைக்காமல் விட்ட படங்களை நான் பார்த்திருக்கிறேன், அரைமணி நேரத்தில் கடைவாய்ப் பல்லை முடித்து அனுப்பிய கதைகளும் தெரியும். ஆனால் அந்த டீச்சரின் பல்லைப் போல, நல்ல கை பட்டும் தோற்றவைதான் அதிகம் கண்ணில் படுகின்றன. படத்தில் அழகாக வெள்ளைக் கோடு தெரிவதும் பல் ஆறுவதும் ஒன்றல்ல. ஊரில் யாராவது என்னிடம் செய்த பல்லோடு வேறொருவரிடம் போய் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார், அவர் என்ன பதில் சொல்கிறாரோ.

லீவு முடியப் பத்து நாள்தான் இருக்கிறது. இப்போது ஆரம்பிக்கலாமா?

பல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆனால் பெரும்பாலும் முடியும். முதல் நாள் திறந்து கழுவி மருந்து வைக்கலாம், சீழ் இல்லாவிட்டால் அன்றைக்கே அடைக்கலாம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வலி இல்லை என்று உறுதி செய்து, நிரந்தர அடைப்பு போட்டு, கேப்புக்கு அளவு எடுத்தால் லேபிலிருந்து வர நாலைந்து நாள். சீழ் நிற்கவில்லை என்றால் கேப்பை அடுத்த லீவுக்குத் தள்ளத்தான் வேண்டும், அப்போதும் தற்காலிக அடைப்போடு அனுப்பாமல் கெட்டியான ஒன்றைப் போட்டு அனுப்புவேன், நீங்கள் அந்தப் பக்கம் கடிக்காமல் இருந்தால் சரி. டிக்கெட் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அளவு கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் போன் செய்து "நாளைக்குக் காலையில ஃப்ளைட் சாரே" என்றவர்கள் நாலு பேருடைய கேப் இப்போதும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.